குழந்தைக்கு வரும் மூட்டுவாதம்: ஆய்வுக்கு யார் பணம் தருவது?

படாளத்தில் ஒரு 6 வயசுக் குழந்தை காலையில் எழுந்ததும் நொண்டுகிறது, மதியம் ஓடி விளையாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'ஸ்கூலுக்கு டிமிக்கி' என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். மூட்டு வீக்கம் 6 வாரத்தைத் தாண்டினால் அது சிறார் மூட்டுவாதமாக இருக்கலாம். சில குழந்தைகளுக்கு வலியே இல்லாமல் கண்ணையும் பாதிக்கும்.

இதற்கு முக்கிய மருந்து மெத்தோட்ரெக்சேட். பழையது, விலையும் குறைவு. வழக்கமான டோஸ் கேட்கவில்லை என்றால் இரண்டு மடங்காக்கலாமா? இதற்கு விடை தேட 633 குழந்தைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அதில் 80 பேரை வைத்துத்தான் டோஸை ஒப்பிட்டார்கள். கூட்டிக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை என்ற முடிவு 2004-ல் வெளியானது.

ஒரு மருத்துவமனையால் இத்தனை பேரைத் திரட்ட முடியாது. இத்தாலியின் ஜெனோவாவை மையமாகக் கொண்ட 'பிரிண்டோ' கூட்டமைப்பு பல நாடுகளில் நடத்திய ஆய்வு அது. நிதி ஐரோப்பிய ஒன்றியத்துடையது. மருந்து கம்பெனி தருமா? 'குறைச்சலே போதும்' என்று நிரூபிப்பதில் அதற்கு என்ன லாபம்!

இங்கே என்ன நிலை?

மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு 2023-28 காலத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது கணக்கு. லாபம் தராத கேள்விகள் பின்னால் தள்ளப்படும் ஆபத்து இதில் இருக்கு.

பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்பிஎஸ்கே திட்டம் 2013-ல் தொடங்கியபோது, தேசியப் பட்டியலில் 30 குறைபாடுகள். வாதக் காய்ச்சலால் வரும் இதய நோய் அதில் உண்டு, சிறார் மூட்டுவாதம் இல்லை. படாளம் குழந்தைக்கு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் நோயைக் கண்டுபிடித்தாலும், எழும்பூர், வேலூர் விவரங்களோடு ஒரே பதிவேட்டில் சேர்ந்தால்தான் ஆய்வுக்கு உதவும். அந்தப் பதிவேட்டை வருஷக்கணக்கில் நடத்த ஆளும் சம்பளமும் வேணும்.