கோலார் பெண்ணின் ரத்தம்

கோலார் ஜாலப்பா மருத்துவமனைக்கு இதய அறுவைக்கு வந்த பெண்ணின் ரத்தம் ஓ பாசிட்டிவ்தான். ஆனால் எந்த ஓ பாசிட்டிவ் யூனிட்டும் அதோடு ஒத்துப்போகவில்லை.

பெங்களூரு ரோட்டரி டிடிகே ரத்த மையம் உறவினர்கள் 20 பேரின் ரத்தத்தைச் சோதித்தது; ஒருவருடையதும் சேரவில்லை. கடைசியில் ரத்தம் ஏற்றாமலேயே அறுவையை முடித்தார்கள். மாதிரிகள் பிரிட்டனின் பிரிஸ்டல் ஆய்வகத்துக்குப் போயின. பத்து மாத ஆய்வுக்குப் பிறகு, 2025 ஜூனில் மிலான் மாநாட்டில் ‘கிரிப்’ என்ற புதிய ஆன்டிஜென் அறிவிக்கப்பட்டது. குரோமர் என்ற ரத்த வகை அமைப்பு, இந்தியா, பெங்களூரு மூன்றும் சேர்ந்த பெயர் அது.

1952இல் மும்பையில் மருத்துவர் பெண்டே குழு ‘பாம்பே’ என்ற அரிய ரத்த குரூப்பை அடையாளம் கண்டதும் இப்படி ஒத்துப்போகாத ரத்தத்தால்தான். இத்தகையோருக்கு உதவும் அரிய ரத்தக் கொடையாளர் பதிவேடு பற்றியும் தங்கள் இதழ் எழுத வேண்டும்.

– வாசகர், லிங்கராஜபுரம், பெங்களூரு