அழுகைக்கும் 10 சதவீதமா?

கல்வி நிலையங்களில் கட்டணம் வாங்கி நடத்தும் இசை நிகழ்ச்சிகளுக்கு 10 சதவீதம் கேளிக்கை வரி விதிக்கும் திருத்தம் 2024 டிசம்பரில் சட்டப்பேரவையில் நிறைவேறியது. உள்ளாட்சிகளுக்கு இதனால் எவ்வளவு சேரும் என்று கோவையில் ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. "நல்லதுங்க, மேடையில எவனாவது இங்கிலீஷ்ல பாடுனா போதும், கீழ நின்னு தேம்பித் தேம்பி அழுகுதுக. அது கொஞ்சம் அடங்கும்" என்றார் அவிநாசி சாலை ஆலை அதிபர் ஒருவர். 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் சென்னை நந்தனத்தில் பாடிவிட்டுப் போனதும் இந்தப் புலம்பல் முற்றிவிட்டது. ரயிலேறிப் போய், காசு கொடுத்து, புரியாத பாஷையில் அழுதுவிட்டு வருகிறார்களாம் பிள்ளைகள்.

வரியைப் பற்றி எனக்குப் பெரிதாகக் கருத்தில்லை. அழுகையைப் பற்றி இருக்கிறது.

பிள்ளைகளை அழவைக்கும் அந்த ஆங்கிலப் பாட்டுகள் என்னவென்று கேட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? எரிக் கிளாப்டனின் 'டியர்ஸ் இன் ஹெவன்', 1991-ல் நியூயார்க்கில் 53-வது மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்த நாலு வயது மகனுக்காகத் தகப்பன் பாடியது. கோல்ட்பிளேயின் 'ஃபிக்ஸ் யூ', தகப்பனை இழந்து நின்ற மனைவிக்காக கிறிஸ் மார்ட்டின் எழுதியது. 1997-ல் டயானாவின் இறுதிச் சடங்கில், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பியானோ முன் உட்கார்ந்து எல்டன் ஜான் பாடியது 3.3 கோடி பிரதிகள் விற்றது. இறந்தவரை முன்னிறுத்தி, அவர் பெருமை சொல்லி, இருப்பவரின் கதியைச் சொல்லி அழும் பாட்டுக்கு நம் ஊரில் ஒப்பாரி என்று பெயர். கோட்டு சூட்டுப் போட்டு வந்தால் அடையாளம் தெரியாதா?

ஜான் ஸ்லோபோடா என்ற ஆங்கிலேய உளவியலாளரை நான் விடாமல் மேற்கோள் காட்டுவதாக நண்பர்கள் கேலி செய்வார்கள். இருக்கட்டும். கீல் பல்கலைக்கழகத்தில் இருந்த அவர் 1991-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இசை கேட்கும் 83 பேரிடம், உங்கள் உடம்பை அசைக்கும் இடங்கள் எவை, பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல் பாட்டில் எந்த இடம் என்று காட்டுங்கள் என்றார். கண்ணீரை வரவழைக்கும் 20 இடங்கள் தேறின. அவற்றில் 18-ல் 'அப்போஜியாட்டுரா' இருந்தது. அதாவது, பக்கவாத்தியம் ஒரு சுரக்கூட்டில் நிற்க, பாடும் குரல் அதோடு சேராத பக்கத்துச் சுரத்தில் சாய்ந்து, நெஞ்சை ஒரு கணம் இறுக்கிவிட்டு, அப்புறம் தன் இடத்தில் வந்து இறங்குவது. இருபதுக்குப் பதினெட்டு! 2011-ல் அடேல் வெறும் பியானோவோடு நின்று 'சம்ஒன் லைக் யூ' பாடி பிரிட்டனையே அழவைத்தபோது, அந்தப் பாட்டிலும் இதே சாயலான சுர உரசல்கள்தான் என்று ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஸ்லோபோடா ஆராய்ந்ததில் பெரும்பகுதி மேலைச் செவ்வியல் இசை, அதை ஒப்பாரிக்குப் பொருத்தலாமா என்று இசைக் கல்லூரிக்காரர்கள் தடுப்பார்கள். காங்கேயம் பக்கத்தில் ஒரு கிழவி அடிக்கு அடி கடைசி எழுத்தை இழுத்து, தழுதழுத்து, ஒரு விசும்பலோடு கீழே இறக்குவதை அவர்கள் ஒரு தடவையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்டவர்களுக்கு ஆய்வு தேவையில்லை.

2023 ஜூனில் கிளாஸ்டன்பரி விழாவில் இன்னொன்று நடந்தது. லூயிஸ் கபால்டி என்ற ஸ்காட்லாந்துப் பாடகருக்கு டூரெட் நோய் உண்டு. உடம்பு வெட்டி வெட்டி இழுக்கும். அன்றைக்குக் குரலும் போய்விட்டது. 'சம்ஒன் யூ லவ்டு' பாடத் தொடங்கியவரால் முடிக்க முடியவில்லை. கூட்டம் முழுவதும் மிச்சத்தைப் பாடிக் கொடுத்தது. எழவு வீட்டில் தோளைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழும் பெண்களில் ஒருத்திக்குத் தொண்டை அடைத்தால் அடுத்தவள் எடுப்பாள். அழுகையைத் தனியாளிடம் விட்டுவிடாத ஏற்பாடு அது.

கொங்குக்கு இதைச் சொல்லித்தரத் தேவையே இருந்ததில்லை. 1965-ல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் வட்டாரத்தில் தங்கி, உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை நாடாவில் பதிவு செய்தார். பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கும் இடத்துக்குத் தங்கை தேடி வந்து புலம்பும் கட்டம்தான் கதைக்கே உயிர். படுகளம் நடக்கும் கோயில்களில் இன்றும் ஆண்கள் பிணம்போல் விழுந்து கிடப்பார்கள், மேலே வெள்ளைத் துணி, உடுக்கை வேகமெடுக்கும், சுற்றி நிற்கும் சனம் அழும். எழுபது வயதுக் குடியானவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். அவரைப் பார்த்து யாரும் 'மனசு வீக்' என்று சொல்வதில்லை. அதே அண்ணன்மார் இப்போது சாதி மாநாட்டு பேனர்களில் வாளோடு நிற்கிறார்கள். அழும் தங்கையை அந்த பேனர்களில் நான் பார்த்ததில்லை.

இன்றைய எழவு வீட்டுக்கு வாருங்கள். வாசலில் ஷாமியானா, வாடகை நாற்காலி. நடுக்கூடத்தில் ஃப்ரீசர் பெட்டி, அதன் மோட்டார் ஓசை. ஜன்னல் திட்டில் கையளவு ஸ்பீக்கர்; அதில் சிவபுராணம் முடிந்து முடிந்து முதலிலிருந்து ஓடுகிறது. ஒரு பெரியம்மா வாய்விட்டு ஆரம்பித்தால், படித்த மருமகள் தோளில் கைவைத்து, "வேண்டாங்க அத்தை, பிரஷர் ஏறிடும்" என்பாள். ஒப்பாரி கௌரவக் குறைச்சல் ஆகிவிட்டது. அதை முடித்து வைத்தது அடேல் அல்ல, நாம்தான்.

இப்போது பண்பாட்டுக் காவலர்களிடம் நேராகவே கேட்கிறேன். பிள்ளையை நாமக்கல், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளில் லட்ச லட்சமாகக் கட்டிச் சேர்த்தது யார்? தமிழில் பேசினால் அபராதம் என்ற பள்ளியைத் தேடிப் பிடித்தது யார்? ஊரில் எழவு விழுந்தபோது, "பரீட்சை இருக்குது, சொல்லாதீங்க" என்று அப்புச்சியின் முகத்தைக்கூடக் காட்டாமல் விட்டது யார்? படிப்பு ஆங்கிலத்தில், வேலை ஆங்கிலத்தில், கல்யாணப் பத்திரிகைகூட ஆங்கிலத்தில்; கண்ணீர் மட்டும் தமிழில் வடிய வேண்டுமோ? இந்தத் தலைமுறைக்கு மனத்திடம் போதாது என்று ஆலோசனை சொல்லும் மேடைப் பேச்சாளர்களுக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. பாட்டி வாயால் கேட்டிருக்க வேண்டியதைப் பிள்ளைகள் இயர்போனில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இவர்களைவிட ஒப்பாரிக்கு நேர்வாரிசுகள் கொங்கு நாட்டில் இன்று யாருமில்லை.

வரி போட்டாயிற்று, வசூலிக்கட்டும். கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் வசூலாகும் கேளிக்கை வரியில் ஒரு பங்கை உடுக்கைப் பாட்டுக்காரர்களுக்கு ஒதுக்க உள்ளாட்சிகள் தீர்மானம் போட வேண்டும். பொங்கல் விழாவில் கால்மணி நேரம் கொடுத்துச் சால்வை போர்த்தி அனுப்பும் கணக்கில் அது சேரக் கூடாது. கல்லூரி ஆண்டு விழாவில், ஆங்கிலப் பாட்டுக்காரருக்கு அடுத்து, அதே ஒலிபெருக்கியில், அதே சம்பளத்துக்கு முழு இரவு. ஆலை அதிபர்கள் முன்வரிசையில் உட்காரட்டும். டிக்கெட்டும் போடட்டும், அதற்கும் 10 சதவீதம் பிடித்துக்கொள்ளட்டும்.