தஞ்சாவூரில் ரோதைமுனி இல்லை

மலையகத் தமிழரின் பண்பாட்டைப் பற்றிக் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும், ஏன், ஹட்டன் மேடைகளிலேயும்கூட ஒரு நம்பிக்கை கேள்வி கேட்பாரின்றி உலவுகிறது. இந்த மக்கள் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த வழக்கங்களையே வைத்திருக்கிறார்கள், அவையும் வரவரத் தேய்ந்துவிட்டன, மலையகத்துக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை என்பதுதான் அது. இரக்கப்பட்டுச் சொல்பவர்களும் உண்டு, இளக்காரமாகச் சொல்பவர்களும் உண்டு. எப்படிச் சொன்னாலும் பொய்தான், அதுவும் இந்த மக்களின் தலையில் இடியாக இறங்கிய பொய்.

தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் மலையில் கவ்வாத்துச்சாமிக்குப் படையல் வைக்கிறார்கள். கொழுந்துக்கு ஒரு சாமி உண்டு. ஸ்டோர் என்ற தேயிலை ஆலையில் சுழலும் இயந்திரச் சக்கரத்துக்கு ரோதைமுனி காவல். இந்தச் சாமிகளை எந்த ஊரிலிருந்து யார் கொண்டுவந்தார்கள்? ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டது 1867இல். திருச்சியிலும் சேலத்திலும் இராமநாதபுரத்திலும் வானம் பார்த்த பூமியில் பஞ்சத்தோடு போராடிய மனிதர்கள் தேயிலைச் செடியைக் கனவிலும் கண்டதில்லை. இயந்திரம் கையை இழுத்துவிடுமோ என்று அஞ்சியவர்களும், கவ்வாத்துக் கத்தி தவறிக் காலில் பட்டால் என்ன செய்வது என்று கலங்கியவர்களும் தங்கள் பயத்துக்குத் தாங்களே தெய்வம் செய்துகொண்டார்கள். தஞ்சாவூரில் போய் ரோதைமுனியைத் தேடிப் பாருங்கள். முனியை வணங்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது, மறுக்கவில்லை. ரோதைமுனி இங்கே பிறந்தவர்.

“சரி, காமன் கூத்து?” என்று கேட்பார்கள். மதனைச் சிவன் எரித்த கதை தமிழ்நாட்டிலும் ஆடப்படுகிறதே, எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று அங்கே லாவணி பாடவில்லையா என்பார்கள். கதை அங்கிருந்து வந்ததுதான். கதை வந்த வழியைச் சொல்லிவிட்டால் கூத்தைச் சொல்லி முடித்ததாக நினைப்பதே முதல் பிழை. மாசி அமாவாசை கழிந்து பிறை தெரிந்ததும் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுகிறார்கள். காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள் கூலிக்கு வந்த நடிகர்கள் அல்லர். பகலில் மலையில் முள்ளுக்குத்தி மண்ணைக் கிளறியவர்தான் இரவில் மதன். பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பையன்தான் ரதி. பெரட்டு என்ற காலை வேலைக் கணக்கெடுப்புக்கு விடியற்காலையில் ஆள் கூப்பிட ஒரு காலத்தில் அடிக்கப்பட்ட அதே தப்புப் பறை, மாசி இரவுகளில் தோட்டத்து மக்களை அவர்களுக்காகவே கூப்பிட்டது. வேலைக்கு விரட்டிய ஓசையைப் பிடுங்கித் தங்கள் கொண்டாட்டத்துக்கு வைத்துக்கொண்டது ஒரு பெரிய காரியமாக எனக்குப் படுகிறது. அதை எந்த மூட்டையிலும் கட்டிக்கொண்டு வந்திருக்க முடியாது.

மதன் எரிந்தபின் ரதி புலம்பும் இடத்துக்கு வாருங்கள். தோட்ட வேலைக்கென மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்த கூட்டம் வழியெல்லாம் பிணங்களை விட்டுவிட்டு வந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் எழுதி, இந்த மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். அண்ணன் கப்பலேற, தங்கை லயத்திலேயே நின்றாள். அந்த வருடங்களில் பொட்டலில் உட்கார்ந்து ரதியின் ஒப்பாரியைக் கேட்ட பெண்கள் புராணத்துக்காக மட்டுமா அழுதிருப்பார்கள்?

அப்படிக் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரியின் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலைக்கே வந்து சேர்ந்தார்கள். இவர்களுடைய பண்பாடு வெறும் இந்திய மிச்சமாக இருந்திருந்தால், தாய்வீட்டுக்கு வந்த பிள்ளைகளைப் போலக் கலந்திருக்க வேண்டும். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் ‘சிலோன்காரர்’. பேச்சிலும் பழக்கத்திலும் வேறான மனிதர்கள் என்று அந்த ஊரே அடையாளம் கண்டுகொண்டது.

இந்த நம்பிக்கையைத் தீங்கு என்று சொல்வது வெறும் மனக்குறையால் அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தகப்பன் வழிப் பிறப்பைக் காகிதத்தில் நிறுவச் சொன்னது. லயத்தில் பிறந்து லயத்தில் செத்தவர்களிடம் எங்கே காகிதம்? அந்தச் சட்டத்துக்குப் பின்னே நின்ற எண்ணம், இவர்கள் இந்த மண்ணில் வேர் பிடிக்காதவர்கள், வந்தவர்கள், போகவேண்டியவர்கள் என்பதே. “உங்கள் கூத்தெல்லாம் இந்தியாவினுடையது” என்று நல்லெண்ணத்தோடு பேசும் தமிழறிஞரும் அதே எண்ணத்துக்குத்தான் சாட்சி சொல்கிறார். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, தன் மக்களின் வாக்குரிமை பறிபோனதைக் கண்டவர். அவரே தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்து ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். ஏட்டில் எழுதப்படாத மக்கள் தங்கள் வாழ்க்கையைப் பாட்டில் பதிந்து வைத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கங்காணியும் கணக்கப்பிள்ளையும் துரையும் வரும் பாட்டு எந்த ஊர்ப் பாட்டு?

இந்துமாக்கடலின் மறுபக்கத்தில் ரியூனியன் தீவு இருக்கிறது. அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளும் ஒப்பந்தக் கூலிகளும் வளர்த்த மலோயா இசை 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதை ஆப்பிரிக்காவின் மிச்சம் என்றோ இந்தியாவின் மிச்சம் என்றோ ஒதுக்காமல் அந்தத் தீவின் இசையாகவே உலகம் ஏற்றது. நாம் மட்டும் ஏன் நம் கூத்துக்கு இன்னமும் கடல் தாண்டிப் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறோம்?

வெளியாரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. படித்து மேலே வந்த நம்மவர்களில் பலருக்குக் காமன் கூத்து என்றால் கூச்சம். குடியும் கூச்சலும் என்று முகம் சுளிக்கிறார்கள். வேறு சிலர் அதைக் காப்பாற்றப் போகிறோம் என்று, பல இரவுகள் லயம் லயமாகப் போகும் கூத்தைப் பத்து நிமிட மேடை நிகழ்ச்சியாக வெட்டி, பிரதம விருந்தினருக்கு முன்னால் ஆடவிடுகிறார்கள். கூத்தில் பிழை இல்லையென்று நான் சொல்லவரவில்லை. தப்பு அடிப்பவரின் கையில் ஊரே ஆடும், அவரை மட்டும் வாசலோடு நிறுத்தும் சாதியும் அந்தப் பொட்டலில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் நம்முடையதுதான். கூத்தை நம்முடையது என்று சொல்பவர்கள் இதையும் நம்முடையது என்று ஒப்புக்கொண்டு ஒழிக்க வேண்டும். இந்திய மிச்சம் என்று நினைத்தவரை இந்தப் பொறுப்பும் நமக்கில்லை என்று சும்மா இருந்துவிட்டோம்.

நுவரெலியா மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் பரதத்துக்கு ஆசிரியர் இருக்கிறார். இருக்கட்டும். தப்புக்கும் ஆசிரியர் வேண்டும். தோட்டத்தில் அதை அடித்துக்கொண்டிருக்கும் கலைஞரையே சம்பளம் கொடுத்து அந்தப் பதவியில் அமர்த்துங்கள். சான்றிதழ் இல்லை என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். மற்ற ஆசிரியர்களோடு அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். எந்தச் சாதிப் பிள்ளையானாலும் அவரிடம் வந்து, தோளில் தப்பை மாட்டிக்கொண்டு கற்கட்டும்.