கப்பலிலிருந்து பின்னோக்கி

ஈப்போவிலிருந்து கூச்சிங்கிற்குச் சரக்கு அனுப்ப மூன்று நிறுவனங்கள் தேவை: கிள்ளான் துறைமுகம் வரை லோரி, அடுத்துக் கப்பல், கரையிறங்கியதும் இன்னொரு லோரி. போக்குவரத்து மென்பொருளில் மூன்றையும் தனித்தனிக் கட்டமாகப் பதிவோம்.

ஒருமுறை கப்பல் புறப்படும் நேரத்தைப் பதிந்த நான், துறைமுகம் கொள்கலனை ஏற்கும் கடைசி நேரத்தைப் பதியவில்லை. கப்பல் புறப்படுமுன்பே லோரி போய்ச் சேர்ந்தது. ஆனாலும் வாசலில் திருப்பிவிட்டார்கள். உள்ளே இருந்தது தீபாவளிச் சரக்கு.

“தீபாவளி முடிஞ்சு வந்தா யாருக்கு விக்கிறது, தம்பி?” என்றார் கடைக்காரர்.

அன்றிலிருந்து அந்தக் கடைசி நேரத்தைத்தான் முதலில் பதிகிறேன். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, சாலை நெரிசலுக்கும் அவகாசம் விட்டு லோரியை அமர்த்துகிறேன். ஒரு கட்டம் தாமதமானால் மற்ற இரு நிறுவனங்களுக்கும் உடனே அழைத்துச் சொல்கிறேன்.

உங்கள் திட்டத்தையும் இன்றே திறந்து பாருங்கள். அந்த நேரம் பதிவாகியிருக்கிறதா?