ஓசையடக்கலும் நோயறிதலும்

எஞ்சினிலிருந்து எழும் தட்டலோசை வெறும் தொல்லை என்றும், அது அடங்கிவிட்டால் பழுது நீங்கிவிட்டது என்றும் கருதும் மனப்பாங்கு ஸ்போர்ட்ஸ் கார் உரிமையாளர் மத்தியிலும், அவர்களுக்காகப் பணிபுரியும் கராஜ்கள் பலவற்றிலும் வேரூன்றியுள்ளது. இது தவறானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும். தட்டலோசை பழுதன்று, பழுது தரும் சாட்சியம். சாட்சியின் வாயை அடைத்துவிட்டு வழக்கு முடிந்தது எனக் கூறுவது எத்தகைய நீதியோ, காரணத்தை அறியாது ஓசையை அடக்குவதும் அத்தகைய அறிவே. இஃது பொறியியற் பீடத்தார் மட்டும் பேசவேண்டிய விடயம் என ஒதுக்கிவிடவும் இயலாது. ஓசையை அடக்கும் இதே மனப்பாங்கு கடந்த நூற்றாண்டில் உலகின் காற்றையே நஞ்சாக்கியது.

முதலில், ‘நொக்கிங்’ என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு நோய்கள் சுட்டப்படுகின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. சிலிண்டருக்குள் ஸ்பார்க் பிளக் மூட்டிய தீ பரவிவரும்போது, அத்தீ இன்னும் எட்டாத எஞ்சிய வாயு, அமுக்கமும் வெப்பமும் தாளாது தானாகவே வெடித்தெரிவது ஒருவகை. தகரப் பேணியில் கற்களை இட்டுக் குலுக்கியது போன்ற அவ்வோசை, குறைந்த சுழற்சியில் ஏற்றத்தில் அக்சிலரேற்றரை அழுத்தும்போது எழும். காலை எடுத்ததும் அடங்கும். பிஸ்டனைக் கிராங் தண்டோடு இணைக்கும் கொன்றொட்டின் பெயாரிங் தேய்ந்து இடைவெளி பெருகுவதால் எழும் கனத்த தட்டல் இன்னொருவகை. எஞ்சின் சூடேறி மசகெண்ணெய் இளகியபின் அது வலுக்கும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் அறையும் ஓசையோ குளிர்ந்த எஞ்சினிற் பெரிதாயிருந்து, சூடேறக் குறையும். டப்பெட்டின் மெல்லிய ஓசை கிராங் சுழற்சியின் அரைவேகத்திலேயே ஒலிக்கும்.

இவற்றைப் பிரித்தறியும் முறை தருக்கமுறையே அன்றி வேறில்லை. ஒவ்வொரு சிலிண்டராகப் பிளக் வயரைத் துண்டித்துப் பார்க்கும்போது, ஒன்றைத் துண்டித்ததும் தட்டல் தணியுமாயின் ஐயம் அந்தச் சிலிண்டரின் கொன்றொட் பெயாரிங்கின் மீது விழுகிறது. தீப்பொறி நேரத்தைச் சில பாகை பிற்படுத்தியதும் ஓசை நீங்குமாயின் நோய் எரிதலில் உள்ளது. மாறாது ஒலிக்குமாயின் நோய் உலோகத்தில் உள்ளது. எண்ணெய் அமுக்கத்தை அளந்து பார்த்தல் அடுத்த படியாகும். ஒன்றை மாற்றி ஏனையவற்றை மாறாது வைத்து விளைவை நோக்கும் இம்முறையையே ஆய்வுகூடத்தில் விஞ்ஞானம் என்கின்றனர். கராஜில் எண்ணெய் படிந்த கைகளால் செய்யப்படும்போது மட்டும் அது ‘கைப்பழக்கம்’ ஆகிவிடுமா?

1970களின் நடுப்பகுதியில் பரவலாக விற்பனையான ட்ரையம்ப் ஸ்பிற்பயர் 1500 இதற்குத் தக்க உதாரணமாகும். 1493 கன சென்ரிமீற்றர் கொண்ட அதன் எஞ்சினில் பிஸ்டனின் ஓட்டம் 87.5 மில்லிமீற்றர். இந்நீண்ட ஓட்டத்தால், நெடுநேரம் உயர்சுழற்சியில் ஓட்டப்படும்போது கொன்றொட் பெயாரிங்குகள் விரைவில் தேய்வது இதன் அறியப்பட்ட பலவீனமாகும். இத்தகைய வண்டி தட்டத் தொடங்கியதும் கூடிய ஒக்டேன் பெற்றோல் ஊற்றச் சொல்லும் அறிவுரையால் விளைவது யாது? ஒக்டேன் எண் எரிபொருள் தானே வெடிப்பதை எந்தளவிற்கு எதிர்க்கும் என்பதைக் காட்டுவது; தேய்ந்த உலோகத்தை அது வளர்க்காது. தடித்த எண்ணெய் ஊற்றச் சொல்வோர் இன்னும் கொடியோர். ஓசை சில நாட்கள் தணியும்; தேய்வு தணியாது. இறுதியில் கொன்றொட் முறிந்து எஞ்சினின் சுவரைத் துளைக்கும் நாளில், முன்னரே மாற்றியிருக்கக்கூடிய பெயாரிங்கிற்குப் பதிலாக முழு எஞ்சினையும் வாங்கவேண்டியவர் உரிமையாளரே. அறிவுரை கூறியவர் அல்லர்.

இன்றைய கார்களில் இவ்வேலையை உணரியும் கணினியும் செய்துவிடுகின்றன என வாதிடுவோர் உளர். உணரி சிலிண்டரின் அதிர்வை உணர்ந்ததும் கணினி தீப்பொறியைப் பிற்படுத்துகிறது. பிஸ்டன் உருகாது தப்புகிறது. இப்பயனை மறுப்பாரில்லை. எனினும் இது பாதுகாப்பே தவிர நோயறிதல் அன்று. கரிப்படிவு காரணமா, காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை காரணமா, குளிர்த்தும் நீரோட்டம் தடைப்பட்டமை காரணமா என்று பிற்படுத்தப்பட்ட தீப்பொறி கூறாது. வண்டி வலுவிழந்து ஓடும். ஓட்டுபவரோ ஓசையில்லை என மகிழ்வார்.

இம்மனப்பாங்கு எவ்வளவு தூரம் செல்லக்கூடியது என்பதை வரலாறு காட்டுகிறது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தின் சார்ள்ஸ் கெற்றறிங், தோமஸ் மிட்ஜ்லி ஆகியோரின் ஆய்வு செவ்வையான நோயறிதலோடு தொடங்கிற்று. தட்டல், தீப்பொறிக்கு முன்னர் கலவை பற்றிக்கொள்வதால் எழுவதன்று, தீ மூண்டபின் நிகழ்வது என மிட்ஜ்லி நிறுவினார். ஆனால் மருந்தாக 1921 டிசம்பரில் அவர் கண்டது நாலெதைல் ஈயம். அல்ககோல் தட்டலைத் தடுக்கும் என்பதும் அவர்கள் அறிந்ததே. ஆயினும் எவரும் வடிக்கத்தக்க அல்ககோல் தராத காப்புரிமை இலாபத்தை ஈயம் தந்தது. ‘எதைல்’ என்ற விற்பனைப் பெயரில் ஈயம் என்ற சொல்லே இடம்பெறவில்லை. 1923 பெப்ரவரியில் விற்பனை தொடங்கியது. அவ்வாண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில் முதல் மூன்றிடங்களைப் பெற்ற கார்களும் இப்பெற்றோலிலேயே ஓடின. பந்தய வெற்றி நஞ்சின் விளம்பரமாயிற்று.

1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சியின் பேவே சுத்திகரிப்பு நிலையத்தில் இவ்வீயத்தைக் கையாண்ட தொழிலாளர் ஐவர் சித்தங் கலங்கி மாண்டனர். 1925இல் கூடிய மாநாட்டில் அலிஸ் ஹமில்ரன் முதலிய மருத்துவ அறிஞர்கள் எச்சரித்தனர். இடைநிறுத்தப்பட்ட விற்பனையோ 1926இல் மீண்டும் தொடங்கிற்று. எஞ்சின்கள் மௌனமாயின, குழந்தைகளின் குருதியில் ஈயம் ஏறிற்று. 1965இல் கிளயர் பற்றர்சன், சூழலிலும் மனித உடலிலும் ஈயம் இயற்கை அளவினும் பன்மடங்கு மிகுந்துள்ளதென எடுத்துக்காட்டினார். ஐக்கிய அமெரிக்காவின் வீதி வாகனங்களுக்கு 1996இலும், இலங்கையில் 2002இலும், இறுதியாக அல்ஜீரியாவில் 2021இலுமே ஈயப் பெற்றோல் ஒழிந்தது.

ஈயமின்றேல் உயர்வலு எஞ்சின் வளர்ந்திருக்காது என்பார் கூற்றுக்கு விடை எஞ்சின்களிலேயே உண்டு. ஈயப் பெற்றோலில் ஓடிய ஜாகுவார் ஈ-டைப் 1961இல் 9:1 என்ற நெருக்கல் விகிதத்தோடு வெளிவந்தது. 2015இல் வெளிவந்த நான்காந் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5, ஈயமற்ற பெற்றோலில் 13:1 என்ற விகிதத்தோடு ஓடுகிறது. எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பாய்ச்சிக் கலவையைக் குளிர்த்தியும், சூடான புகை சிலிண்டரில் எஞ்சாது வெளியேற்றும் குழாய்களை அமைத்தும் இது சாத்தியமாக்கப்பட்டது. வெப்பமே காரணமென அறிந்து வெப்பத்தைக் குறைத்தவர்களே வென்றனர். காரணத்தை நாடிய அறிவு, ஓசையை அடக்கிய நஞ்சால் எட்டமுடியாத உயரத்தை எட்டிற்று.

ஆகவே, தட்டும் எஞ்சினின் முன் எழவேண்டிய வினா, ‘இவ்வோசையை எவ்வாறு நிறுத்துவது?’ என்பதன்று, ‘எச்சிலிண்டரில், எந்நிலையில், எதனால் இது எழுகிறது?’ என்பதே. இவ்வினாவை எழுப்பாது மருந்தை நீட்டும் கை கராஜில் இருப்பினும், ஆய்வுகூடத்தில் இருப்பினும், அது அறிவின் கையன்று. தட்டல் கேட்கும்வரை எஞ்சின் எச்சரித்துக்கொண்டிருக்கிறது. காரணமறியாது வாங்கப்பட்ட மௌனத்திற்கு யாரோ ஒருவர் விலை செலுத்தியே தீரவேண்டும்; பெரும்பாலும் அவர் அம்மௌனத்தை விற்றவர் அல்லர்.