உம்மா செய்த கண்காட்சிப் பொருள்



பாடசாலையில் கண்காட்சி என்றால் நம் வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். பிள்ளை தூங்கிவிடும், உம்மா விழித்திருப்பாள். ரெஜிபோம் வெட்டுவது, பசை பூசுவது, வர்ணம் தீட்டுவது எல்லாம் அவள் வேலை. காலையில் பிள்ளை எழுந்து அதைத் தூக்கிக்கொண்டு போகும்.

நானும் அப்படிச் செய்தவள்தான். என் இளைய மகள் ஏழாம் தரத்தில் படித்தபோது, காற்றாடியால் மின்குமிழ் எரியும் ஒரு மாதிரி வீட்டை இரவிரவாகச் செய்து முடித்தேன். உண்மையில் குமிழ் எரிந்தது காற்றாடியால் அல்ல, கீழே ஒளித்து வைத்த பற்றரியால்! மறுநாள் பார்க்க வந்த ஒரு பெரியவர், "மகள், காற்று இல்லாத நேரம் என்ன செய்வீங்க?" என்று அன்பாகத்தான் கேட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை. கூட்டத்துக்குள் என் முகத்தைத் தேடியது. பரிசு கிடைத்தது. ஆனால் அந்தச் சான்றிதழை அவள் ஒருவருக்கும் காட்டவில்லை.

சில மாதங்கள் கழித்து இன்னொன்று நடந்தது. எங்கள் மூத்தம்மாவுக்கு விரல்களில் வாதம். விடியற்காலையில் எல்லோருக்கும் முன்பே எழும்பிவிடுவார். கோப்பித்தூள் போத்தலைத் திறக்க முடியாமல், யாராவது எழும்பும்வரை குசினியில் காத்திருப்பார். இதை நான் கவனித்ததே இல்லை. மகள் கவனித்தாள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி மூடியைச் சுற்றிப் போட்டாள். அது வழுக்கியது. இன்னும் ஒடுக்கமாக வெட்டி இழுத்து மாட்டினாள். பிடி கிடைத்தது, ஆனால் மூடி அசையவில்லை. கடைசியில் மூத்தம்மாவிடமே போய்க் கேட்டாள். "உங்கட உம்மா இறுக்கி மூடினா எனக்குத் திறக்க ஏலாது மகள்" என்றார் மூத்தம்மா!

அன்றே மூடியிலும் போத்தலிலும் சிவப்பு வர்ணத்தில் ஒவ்வொரு கோடு போட்டாள். இரண்டு கோடும் சந்தித்தால் போதும், அதற்கு மேல் யாரும் திருகக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். மறுநாள் விடியற்காலை மூத்தம்மா தன் கையால் கோப்பி ஊற்றிக் குடித்தார். அந்தப் போத்தலைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் மகளால் பதில் சொல்ல முடிந்தது. காரணம், அது அவளுடையது.

கண்டுபிடிப்பு என்றதும் நாம் ரொக்கெட்டை நினைக்கிறோம். ஆனால் பெரும்பாலும் அது கண் முன்னே கஷ்டப்படும் ஒரு மனிதரிடமிருந்தே தொடங்குகிறது. தமிழ்நாட்டின் திருவண்ணாமலையைச் சேர்ந்த விநிஷா உமாசங்கர் என்ற மாணவியைப் பாருங்கள். தெருவில் துணி அழுத்திக் கொடுப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைக் கண்டு, இத்தனை கரி எங்கிருந்து வருகிறது, அதன் புகை எங்கே போகிறது என்று யோசித்தார். கூரையில் சூரியத் தகடு பொருத்திய அழுத்தும் வண்டியை வடிவமைத்தார். சுமார் ஐந்து மணி நேர வெயில், ஆறு மணி நேர வேலைக்குப் போதுமாம். 2020இல் சுவீடனில் வழங்கப்படும் சிறுவர் காலநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ நகரில் நடந்த காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னிலையில் பேசினார். 

வட நைஜீரியாவில் முஹம்மத் பா அப்பா என்ற ஆசிரியர் இருந்தார். மட்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். மின்சாரம் இல்லாத அந்தக் கிராமங்களில் மரக்கறி இரண்டு மூன்று நாளில் அழுகிவிடும். அது கெடுவதற்குள் விற்க வேண்டும் என்பதால் சிறுமிகள் பாடசாலைக்குப் போகாமல் தினமும் தெருவில் விற்றுத் திரிந்தார்கள். அவர் ஒரு பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடையில் ஈர மணலை நிரப்பினார். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போவதால் உள்பானை குளிர்ந்தது. மூன்று நாளில் கெட்ட கத்தரிக்காய் 27 நாள் வரை நின்றது. 2000ஆம் ஆண்டு அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. பாடசாலைக்குத் திரும்பிய சிறுமிகளுக்குக் கிடைத்ததோ அதைவிடப் பெரிது அல்லவா?

இதை நம் பிள்ளைகளும் செய்து பார்க்கலாம். மெருகு பூசாத பானைகளாக இருக்க வேண்டும். ஒரே நாளில் பறித்த கத்தரிக்காய்களில் பாதியைப் பானைக்குள்ளும் பாதியை வெளியிலும் வைத்து, தினமும் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் காய்ந்த மாதங்களில் இது நன்றாக வேலை செய்யும். மாரிக் காலத்தில் செய்தால் ஏமாற்றமே. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது மணலின் ஈரம் எங்கே போகும்? "ஏன் வேலை செய்யவில்லை?" என்று பிள்ளை கேட்கட்டும். அந்தக் கேள்விதான் விஞ்ஞானம். துறைமுகத்துப் பிள்ளைகள் உடனே மீனை வைத்துப் பார்க்க நினைப்பார்கள். வேண்டாம்! மீனுக்கு ஐஸ்தான் வேண்டும், பானைக் குளிர் போதாது.

சகோதரிகளே, நீங்கள் செய்ய வேண்டியவை சிலதான்.

ஒன்று: பொருளைச் சொல்லாதீர்கள், கஷ்டப்படும் ஆளைக் காட்டுங்கள். "மூத்தம்மாவுக்கு வீட்டில் எது கஷ்டம்?" என்று ஒரு நாள் முழுக்கக் கவனிக்கச் சொல்லுங்கள்.

இரண்டு: செய்வதற்கு முன் அந்த ஆளிடமே கேட்கச் சொல்லுங்கள். செய்த பிறகு அவர் கையில் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மூன்று: வீட்டில் கிடப்பதைக் கொண்டு முதலில் மலிவாகச் செய்யட்டும். உடைந்தால் திட்டாதீர்கள். என்ன உடைந்தது, ஏன் உடைந்தது என்று எழுதி வைக்கட்டும்.

நான்கு: கத்தி, நெருப்பு, மின்சாரம் வரும் இடத்தில் மட்டும் உங்கள் கை இருக்கட்டும். மற்ற இடங்களில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். இதுதான் மிகக் கடினம்!

ஐந்து: சுத்தியலை மகனுக்கும் துடைப்பத்தை மகளுக்கும் என்று பிரிக்காதீர்கள்.

ஆனால் எல்லாக் கஷ்டத்தையும் பிள்ளையின் தலையில் வைக்கவும் கூடாது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்ததை மறக்க முடியுமா? பாதுகாப்பாக ஆற்றைக் கடக்க வழி செய்வது பெரியவர்களின் கடமை. அது ஒரு பிள்ளையின் கண்காட்சிக்கான தலைப்பு அல்ல.

உண்மையிலேயே புதிதாக ஒன்று பிறந்தால், அதற்கும் வழி உண்டு. இலங்கைப் புத்தாக்குநர் ஆணைக்குழு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவானது. பாடசாலைகளில் புத்தாக்குநர் கழகங்களை ஊக்குவிப்பதும், "சஹசக் நிமவும்" என்ற கண்காட்சியை நடத்துவதும் அதுவே. காப்புரிமை பெறும் எண்ணமிருந்தால், ஊரெல்லாம் காட்டுவதற்கு முன் அங்கே ஆலோசனை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மூத்தம்மா இப்போது இல்லை. அந்தப் போத்தல் இருக்கிறது. நான் இன்றும் சிவப்புக் கோட்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த கண்காட்சிக்கு முந்திய இரவில் நீங்களும் நேரத்தோடு தூங்குங்கள். உங்கள் பிள்ளை என்ன செய்தது, எங்கே தோற்றது, பிறகு எப்படித் திருத்தியது என்று எழுதி அனுப்புங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.