ஸ்கேட் கடிச்சா பொறுத்துக்கணுமா? ஐஸ் ஹாக்கியில் ஒரு தேவையில்லாத வீரம்

புது செருப்பு காலைக் கடிக்கும், நாலு நாள் போனா சரியாகிடும். இதுதான் நம்ம ஊர் கணக்கு. கனடாவில் ஐஸ் ஹாக்கி ஸ்கேட்ஸுக்கும் இதே கணக்கைத்தான் பல காலமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். (அங்கே ‘ஹாக்கி’ என்று மட்டும் சொன்னால் அது ஐஸ் ஹாக்கிதான். 1994-ல் சட்டம் போட்டே அதை நாட்டின் குளிர்கால விளையாட்டாக அறிவித்துவிட்டார்கள்.) புது ஸ்கேட்ஸ் போட்டால் குதிகாலில் கொப்புளம் வரும், அதைத் தாங்கிக்கிட்டு ஆடுறவன்தான் ஆட்டக்காரன் என்பது லாக்கர் ரூம் பேச்சு. தோல் ஷூ காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்றைக்கு இல்லை.

பழைய தோல் ஸ்கேட்ஸ் வியர்வையும் சூடும் பட்டு, காலின் வடிவத்துக்கு மெல்ல மெல்ல வளைந்து கொடுத்தன. இப்போது வருபவை கார்பன் ஃபைபர் போன்றவற்றால் செய்த, ரொம்ப விறைப்பான ஷூக்கள். ‘போட்டுப் போட்டுப் பழகிடும்’ என்பது இவற்றிடம் அவ்வளவாகச் செல்லாது. அளவு தப்பாக இருந்தால், கொப்புளம் வந்துகொண்டேதான் இருக்கும்.

கொப்புளம் எப்படி வருது?

தோல் உரசித் தேய்வதால் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. ஓடும்போது காலுக்குள் எலும்பு நகர்கிறது. வியர்வையில் ஊறிய தோலோ சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்ட தோல் அடுக்குகள் இழுபடுகின்றன. இது நூற்றுக்கணக்கான முறை நடக்கும்போது, மேல்தோலுக்கு உள்ளேயே ஒரு அடுக்கு பிரிந்து, அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது. அதனால் ஈரமும் ஷூவுக்குள் கால் ஆடுவதும்தான் முக்கியக் குற்றவாளிகள்.

கொப்புளம் வந்த இடமே பிரச்சினை என்னன்னு சொல்லிவிடும். குதிகாலின் பின்பக்கம் வந்தால் பெரும்பாலும் குதிகால் மேலே தூக்குகிறது என்று அர்த்தம்; ஷூ பெரியது, அல்லது லேஸ் சரியாகக் கட்டவில்லை. சுண்டுவிரல் ஓரத்தில் வந்தால் அகலம் போதவில்லை. கணுக்கால் எலும்பில் வந்தால் அந்த ஒரு இடத்தில் ஷூ அழுத்துகிறது. ஸ்கேட்ஸ் கடையில் கொடுத்தால் அந்த இடத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் தள்ளி விரித்துத் தருவார்கள்.

பெற்றோர் செய்யும் தப்பு இங்கேதான். ‘வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெரிசா வாங்கு’ என்பது ஸ்கூல் ஷூவுக்குச் சரிப்படலாம். உயர் ரக ஸ்கேட்ஸ் 1,000 கனடா டாலரைத் தாண்டும் நாட்டில் அந்த யோசனை வருவதும் புரிகிறது. ஆனால் ஹாக்கி ஸ்கேட்ஸ் பொதுவாக ஷூ சைஸைவிட 1 முதல் 1.5 சைஸ் சின்னதாகவே வாங்க வேண்டியது. நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொட வேண்டும். முட்டியை மடக்கினால் விரல் பின்னால் வந்து, குதிகால் கச்சிதமாக உட்கார வேண்டும். வளரும் பிள்ளைக்கு அரை சைஸ் விடலாம், அதற்கு மேல் வேண்டாம். காசு இடிச்சால், பெரிய சைஸில் புதுசு வாங்குவதைவிட சரியான சைஸில் செகண்ட் ஹேண்ட் வாங்குவதே மேல்.

கடையில் கேட்க வேண்டிய இன்னொன்று ‘பேக்கிங்’. ஸ்கேட்ஸைத் தனி அவனில் ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சூடாக்கி, இளகிய நிலையில் காலில் மாட்டிவிடுவார்கள். நடக்காமல் 10, 15 நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஷூ காலின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். பிறகு 24 மணி நேரம் ஐஸில் இறங்கக் கூடாது. எல்லா மாடலுக்கும் இது பொருந்தாது என்பதால் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. வீட்டு அவனில் முயற்சி செய்தால் ஷூ பாழாகும்.

சாக்ஸ் போடணுமா?

பாஸ்டன் புரூயின்ஸ் ஜாம்பவான் பாபி ஓர் சாக்ஸே போடாமல் ஆடியவர். 1970, 1972 இரண்டு ஸ்டான்லி கோப்பைகளிலும் வெற்றி கோலை அடித்தவர் என்பதால், அதைப் பார்த்து சாக்ஸைக் கழற்றியவர்கள் நிறைய. பாபி ஓருக்கு ஒத்துப்போனது எல்லார் காலுக்கும் ஒத்துப்போகாது. குளிருக்குப் பயந்து தடிமனான சாக்ஸ் இரண்டு போடுவதும் தப்புதான். கால் வியர்த்து ஊறிவிடும். வியர்வையை வெளியே இழுக்கும் மெல்லிய சிந்தெடிக் சாக்ஸ் போதும். காட்டன் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் ஷூவின் உள் அட்டையை எடுத்துக் காயவைக்க வேண்டும்.

அடிக்கடி கடிக்கும் இடத்தில் முன்கூட்டியே பேப்பர் டேப் ஒட்டலாம். பாலைவனங்களில் 250 கி.மீ. ஓடிய வீரர்களிடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து, கொப்புளம் 40 சதவீதம் குறைந்ததாக 2016-ல் வெளியிட்டார்கள். விலை மலிவான வைத்தியம். ஸ்டிக்கில் சுற்றும் ஹாக்கி டேப்பைக் கொப்புளத்தின் மேல் ஒட்டுவது மட்டும் வேண்டாம். உரிக்கும்போது தோலும் சேர்ந்து வரும்.

வந்துட்டா என்ன செய்யணும்?

சூடு பிடிக்கிற மாதிரி எரிச்சல் தொடங்கும்போதே வெளியே வந்து ஒட்ட வேண்டும். அங்கேதான் கோச்சுகள் மேல் கோபம் வருகிறது. ‘இதுக்கெல்லாமா வெளிய வருவ?’ என்று ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், 10 வயதுப் பிள்ளை அடுத்த முறை வாயைத் திறக்காது.

சின்ன கொப்புளத்தை உடைக்காமல் மூடி வைத்தால் தானாக ஆறும். பெரிதாகி வலித்தால், கையையும் கொப்புளத்தையும் சோப்புப் போட்டுக் கழுவி, கிருமி நீக்கிய ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வடிக்கலாம். மேல் தோலை உரிக்கக் கூடாது, அதுதான் இயற்கை பேண்டேஜ். அதன்மேல் வாசலின் தடவி, ஒட்டாத பேண்டேஜ் போட்டு, தினமும் மாற்ற வேண்டும்.

கொப்புளத்தால் உயிரா போகும் என்று கேட்பவர்களுக்கு: 1924 ஜூன் 30-ல், அமெரிக்க அதிபர் கால்வின் கூலிட்ஜின் 16 வயது மகன் வெள்ளை மாளிகை மைதானத்தில் சாக்ஸ் இல்லாமல் டென்னிஸ் ஆடினான். கால் விரலில் கொப்புளம் வந்தது. கிருமி ரத்தத்தில் கலந்து, ஜூலை 7-ல் இறந்துபோனான். பென்சிலின் கண்டுபிடிக்கப்பட்டது அதற்கு 4 ஆண்டுகள் கழித்து. இன்று மருந்து இருக்கிறது. ஆனால் நேரத்துக்குப் போனால்தான் உதவும். சுற்றிலும் சிவப்பு பரவுவது, சீழ், காலில் மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, காய்ச்சல், இதில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கொப்புளம் சின்னதாக இருந்தாலும் ஊசியைத் தொடாமல் நேராக மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.